டர்பன்: கடலோர நகரமும் ஆர்க்காட்டுப் பெயர்களும்

மலையையும் ஏரியையும் பார்த்து வளர்ந்த ஊர்களுக்குக் கடல் என்பது கேள்விப்படும் பொருள். திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர்ச் சாலையில் அமைந்திருக்கும் வேங்கிக்காலும் அத்தகைய ஊரே. சென்னைக் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. மழையையும் ஏரிப் பாசனத்தையும் நம்பி நெல்லும் கேழ்வரகும் மணிலாவும் பயிரிட்ட வட்டாரம் இது. கடலோடு எவ்விதத் தொழில் உறவும் இல்லாத இந்த ஆர்க்காட்டுச் சீமையிலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாயிரம் பேர் இந்தியப் பெருங்கடலைக் கடந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைப் பார்த்ததே கப்பலேறிய அன்றாகத்தான் இருந்திருக்கும்.

டர்பனில் ஏறத்தாழ ஒரு மாத காலம் தங்கியிருந்தபோது அந்நகரின் அருங்காட்சியகங்களையும் நினைவுச் சின்னங்களையும் கடற்கரைகளையும் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பயணக் குறிப்பு எழுதுவது நம் நோக்கமன்று. ஒரு நகரம் தன்னை உருவாக்கியவர்களுள் யாரை எங்கே நினைவில் வைத்திருக்கிறது என்ற கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

டர்பனின் ஜூலுப் பெயர் எத்தெக்வினி. வளைகுடாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஐரோப்பியர்கள் வைத்த பெயர்களோ மனிதர்களையும் பண்டிகைகளையும் சார்ந்தவை. 1497-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் வாஸ்கோ ட காமா இக்கரையைக் கடந்து சென்றதால் இப்பகுதி நேட்டால் ஆயிற்று. 1835-இல் கேப் காலனியின் ஆளுநர் சர் பெஞ்சமின் டி அர்பனின் பெயர் நகருக்குச் சூட்டப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய கரைச் சாலையில் நடந்தால் இந்த வரலாற்றின் அடையாளங்களை வரிசையாகக் காணலாம். ட காமா வந்து நானூறு ஆண்டுகள் ஆனதையொட்டி 1897-இல் போர்த்துக்கீசிய அரசு அளித்த வார்ப்பிரும்பு மணிக்கூண்டு அங்கே நிற்கிறது. அதே சாலையில் குதிரை மேல் களைத்துச் சாய்ந்திருக்கிறார் டிக் கிங். 1842-இல் போயர்கள் ஆங்கிலேயப் படையை முற்றுகையிட்டபோது உதவி கேட்டு கிரகாம்ஸ்டவுன் வரை ஏறத்தாழ 960 கிலோமீட்டரைப் பத்து நாட்களில் கடந்தவர் அவர். பாதி வழி வரை உடன் சென்ற என்டோங்கேனி என்ற ஆப்பிரிக்க இளைஞரின் பெயரை அறிந்தோர் குறைவு. சிலைகளின் இயல்பு இதுதான் போலும். குதிரை மேல் ஒருவருக்குத்தான் இடம் உண்டு.

நகர மண்டபம் 1910-இல் கட்டி முடிக்கப்பட்டது. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தை ஏறக்குறைய அப்படியே பின்பற்றி எழுப்பிய கட்டடம் இது. இதனுள் இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் உள்ளன. அறிவியல் அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய பொருள்களுள் ஒன்று டோடோ பறவையின் எலும்புக்கூடு. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்து, பதினேழாம் நூற்றாண்டில் மனிதர்களாலும் அவர்கள் கொண்டுவந்த விலங்குகளாலும் அழிந்துபோன பறவை அது. பள்ளிப் பிள்ளைகள் வியந்து பார்க்கும் அந்த எலும்புக்கூட்டின் முன் நின்றபோது நமக்கு வேறொரு தொடர்பு நினைவுக்கு வந்தது.

நேட்டாலின் கரும்புத் தொழிலுக்கு முன்மாதிரி மொரீஷியஸ்தான். அத்தீவில் 1834 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு கரும்பு பயிரிட்டார்கள். 1850-களின் தொடக்கத்தில் நேட்டாலில் சர்க்கரை காய்ச்சத் தொடங்கிய வெள்ளைத் தோட்டக்காரர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. சொந்த நிலமும் மாடுகளும் இருந்த ஜூலு மக்கள், பிறர் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் உழைக்க விரும்பவில்லை. மொரீஷியஸ் காட்டிய வழியை நேட்டாலும் பின்பற்றியது. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் டர்பனை அடைந்தது. பத்து நாட்கள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடியர்’ வந்து சேர்ந்தது. ட்ரூரோவிலிருந்து இறங்கியவர்களை ‘நேட்டால் மெர்க்குரி’ என்ற உள்ளூர்ப் பத்திரிகை, விநோதமான வேடிக்கைக் காட்சியாகத்தான் வருணித்தது. முதல் நாளிலேயே அவர்கள் பார்க்கப்படும் பொருளாகிவிட்டார்கள்.

அன்று தொடங்கிய வரவு, இடையில் சில ஆண்டுகள் நின்று, 1911 வரை தொடர்ந்தது. 1866-இல் பொருளாதார நெருக்கடியால் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. ஒப்பந்தம் முடிந்து 1871-இல் சென்னை திரும்பிய முதல் தொகுதியினர், அடியையும் கூலிப் பிடித்தத்தையும் பற்றி முறையிட்டார்கள். அதன் விளைவாக 1872-இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1874-இல் மீண்டும் கப்பல்கள் புறப்பட்டன. அடுத்த இரண்டே ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்து ஆர்க்காட்டுச் சீமையின் ஏரிகளை வற்றச் செய்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், முறையீடுகளை மீறி மக்கள் ஏன் கப்பலேறினார்கள் என்பது விளங்கும். மொத்தம் 1,52,184 பேர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே போனவர்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ‘அக்ரிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் ‘கிர்மிட்’ ஆயிற்று. வெள்ளையர்கள் இவர்களை அழைக்க இரண்டு சொற்களே வைத்திருந்தார்கள்: ஒன்று கூலி, மற்றொன்று சாமி. ராமசாமி, கோவிந்தசாமி என்று தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் ‘சாமி’யைப் பிடித்துக்கொண்டு எல்லா இந்தியரையும் ‘சாமி’ என்று விளித்ததைக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கடவுளையும் தலைவனையும் குறிக்கும் சொல் டர்பனின் தெருக்களில் இழிசொல்லானது.

காந்தியடிகளின் டர்பன் நாட்கள் தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்தவை. 1893-இல் வந்தார். 1894-இல் முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அவர் அலுவலகத்துக்கு வந்தவர் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி. 1897 ஜனவரி 13 அன்று கப்பலிலிருந்து இறங்கி நகருக்குள் நடந்த காந்தியை வெள்ளைக் கும்பல் தாக்கியபோது, காவல் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாண்டர் தம் குடையை விரித்து இடையில் நின்று காத்தார். இலக்கிய வாசகர்கள் சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அதே நாட்களில் அதே நகரில் எட்டு வயதுப் போர்த்துக்கீசியச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். போர்த்துக்கல்லின் துணைத்தூதராக இருந்த மாற்றாந்தந்தையுடன் 1896-இல் டர்பனுக்கு வந்த அச்சிறுவனே பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான பெர்னாண்டோ பெசோவா. டர்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1905-இல் லிஸ்பனுக்குத் திரும்பிய அவர், தாமே படைத்துக்கொண்ட பல பெயர்களில், பல ஆளுமைகளாக எழுதினார். ஒரு மனிதர் பல பெயர்களைச் சூடிக்கொள்ளக் கற்ற நகரில்தான் ஒன்றரை இலட்சம் பேரை ஒரே பெயரால் அழைத்தார்கள்.

நகரின் பழைய நீதிமன்றக் கட்டடம் 1866-இல் எழுந்தது. பிற்காலத்தில் அது உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம் ஆயிற்று. குடியேறிய வெள்ளையர்களின் வீட்டுப் பொருள்களும் ஆடைகளும் அதன் அடிப்படைச் சேகரிப்பு. ஆப்பிரிக்கர்களின் வாழ்வைச் சொல்வது குவாமுஹ்லே அருங்காட்சியகம். கறுப்பின மக்கள் நகரில் தங்கவும் வேலை செய்யவும் அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்ற அலுவலகக் கட்டடமே இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சீட்டுக் கொடுத்த இடத்திலேயே சீட்டின் கொடுமையைக் காட்டுவது நல்ல முடிவு. தம் மக்களை வரிசையில் நிற்கவைத்த கட்டடங்களை இடித்துவிடாமல் பேசவைத்திருக்கிறார்கள்.

இந்தியர்களின் கதை டர்பி தெருவிலுள்ள 1860 மரபு மையத்தில் கிடைக்கிறது. புகைப்படங்கள், ஆவணங்கள், பித்தளைப் பாத்திரங்கள், நகைகள் என அங்குள்ளவை எளிய பொருள்கள். ஆயினும் இவ்வரலாற்றின் மூலச்சான்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத்தக்க அழகுடையதன்று. கப்பல் பட்டியல் என்று அழைக்கப்படும் பதிவேடுகளே அது. ஒவ்வொரு கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், அங்க அடையாளம் ஆகியவை. கன்னத்தில் மரு, முழங்காலில் தழும்பு என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய குறிப்பு, நூறாண்டுகளுக்குப் பின் கொள்ளுப்பேரனுக்குத் தன் பாட்டனின் உடலைப் பற்றிக் கிடைக்கும் ஒரே செய்தியாக மாறிவிடுகிறது. தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல இன்று இப்பட்டியல்களைத் துழாவித் தங்கள் ஊரைத் தேடுகின்றன.

தேடுவது எளிதன்று. எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். ழகரமும் றகரமும் அவர்கள் கையில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலியார் மூட்லி ஆனதும் இத்தகைய மாற்றங்களே. வேங்கிக்கால் என்ற பெயரை அந்த எழுத்தர் எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தாலே சிக்கல் புரியும்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்து வரலாற்றில் இருக்கிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவானது. ஆகவே தம் முன்னோர் திருவண்ணாமலைப் பக்கம் என்று கேள்விப்பட்ட ஒருவர், பட்டியலில் வட ஆர்க்காட்டு ஜில்லாவின் கீழ்த் தேடுவது இயல்பு. ஆரணி, போளூர், வந்தவாசி ஊர்களுக்கு அது பொருந்தும். ஆனால் திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென் ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அதாவது, நேட்டாலுக்குக் கப்பல்கள் சென்ற ஐம்பது ஆண்டுகளிலும் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமத்தார் தென் ஆர்க்காட்டார் என்றே பதிவாகியிருப்பார்கள். ஆள் எடுப்பது நின்ற ஆண்டும் ஜில்லா மாறிய ஆண்டும் ஒன்றே. இந்தச் சிறு விவரம் தெரியாமையால் எத்தனை தேடல்கள் பாதியில் நின்றிருக்குமோ!

கண்ணாடிப் பெட்டியிலும் பதிவேட்டிலும் அடங்காத நினைவு ஒன்றை டர்பனின் கோயில்களில் காணலாம். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த அம்பலவாணர் ஆலயம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. 1905 வெள்ளத்தில் அது அடித்துச் செல்லப்பட்டது. மீட்ட கதவுகளைக் கொண்டு பின்னர் கேட்டோ மேனர் பகுதியில் மீண்டும் கட்டினார்கள். அங்கே ஈஸ்டர் காலத்தில் தீமிதி நடக்கிறது. நகருக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று பல்லாயிரவர் கூடுகிறார்கள். மாரியம்மன் திருவிழா ஏசுநாதரின் நாளில் நடப்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: தோட்டத்தில் தொடர்ந்து விடுமுறை கிடைத்த நாட்கள் அவையே. பஞ்சாங்கம் முதலாளியிடம் இருந்தது. அம்மன் அதற்கு இணங்கிப் போனாள்.

செஞ்சியும் ஆரணியும் திருவண்ணாமலையும் சூழ்ந்த நிலப்பரப்பு திரௌபதி அம்மன் வழிபாட்டின் உயிர்நிலை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். பாரதம் படிப்பதும், இரவெல்லாம் தெருக்கூத்து ஆடுவதும், துரியோதனன் படுகளமும், இறுதியில் தீமிதியும் இம்மண்ணின் கோடைக்காலச் சடங்குகள். நேட்டாலில் திரௌபதிக்கும் கோயில் உண்டு, தீமிதியும் உண்டு. தெருக்கூத்தும் இருந்தது. அங்கே அதன் பெயர் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். மொழி போய்விட்டது, மூன்றாம் நான்காம் தலைமுறையினர் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். ஆயினும் கூழ் போகவில்லை, தீ போகவில்லை. கரும்புத் தோட்டத்துக்குக் கூத்துக் கலைஞன் ஒருவன் கட்டையும் கிரீடமும் கொண்டு போயிருக்க முடியாது. அவன் கொண்டு போனது தொண்டையையும் அடவையும் மட்டுமே. அவற்றைக் கொண்டு அங்கே மீண்டும் ஓர் ஆர்க்காட்டு இரவை உண்டாக்கினான். எந்த அருங்காட்சியகமும் அதைவிடப் பெரிய சேகரிப்பைக் காட்டிவிட முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி கடற்கரை. டர்பனின் கடற்கரை கோல்டன் மைல் என்ற பெயரால் உலகப் புகழ் பெற்றது. 1952 முதல் சுறாமீன்களைத் தடுக்க வலை கட்டிக் காக்கப்படும் கடல் அது. அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர்களும் கிழக்கே எழும் சூரியனைக் காண வரும் முதியவர்களும் நிறைந்த நீண்ட நடைபாதை. குளிர்காலத்தில், ஜூன் ஜூலை மாதங்களில், மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வரும்போது வலை வளைத்து இழுப்பதைப் பார்க்க ஊரே திரண்டுவிடும். நம் கடற்கரையூர்களில் கரைவலை என்று வழங்குவதை அங்கே இழுத்துப் பழகியவர்கள் இந்திய மீனவக் குடும்பத்தினர். ஒப்பந்தம் முடிந்தபின் 1860-களில் வளைகுடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் குடியேறிய அவர்களை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைத் தளத்துக்காக வெளியேற்றினார்கள்.

வெளியேற்றம் அவர்களோடு முடியவில்லை. கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், சோம்ட்சு சாலையை ஒட்டி, நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்களுக்காக மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பு 1880 வாக்கில் ஏற்பட்டது. நகரின் தெருக்களைக் கூட்டியவர்களும் குப்பை அள்ளியவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசியோரே மிகுதி. 1950-இல் வந்த இனவாரி வாழிடச் சட்டத்தின்படி 1960-களில் அவர்களைக் கடலிலிருந்து விலக்கி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுக் காய்கறி விளைவித்த இந்தியர்களுக்கும் அதே கதி. ரோனி கோவெண்டர் 1996-இல் வெளியிட்ட ‘அட் தி எட்ஜ்’ என்ற கதைத் தொகுதி அழிக்கப்பட்ட அந்த கேட்டோ மேனரை எழுத்தில் மீண்டும் குடியேற்றியது. ஊர் இல்லாமல் போனபின் கதை ஊராகி நிற்பதற்கு அது நல்ல சான்று.

கடற்கரையும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டது. இப்பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஜூலு ஆகிய மூன்று மொழிகளில் எழுதிய அறிவிப்புப் பலகையின் புகைப்படம் உலகமெங்கும் பரவியது. அதில் தமிழ் இல்லை. எங்கே போகக்கூடாது என்பது தமிழர்களுக்குப் பலகை இல்லாமலே தெரியும் என்று எண்ணினார்கள் போலும். 1989-இல் தடையை மீறி மக்கள் வெள்ளையர் கடற்கரைகளில் இறங்கிப் போராடினார்கள். அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாட்டின் கடற்கரைகள் எல்லோருக்கும் பொது என்று குடியரசுத் தலைவர் டி கிளர்க் அறிவித்தார். ட்ரூரோ கப்பல் வந்ததும் ஒரு நவம்பர் 16 அன்றுதான். கப்பலிலிருந்து இக்கரையில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இதே கடலில் விரும்பிய இடத்தில் கால் நனைக்க 129 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இன்று வார இறுதிகளில் அங்கே எல்லா நிறத்தவரும் குளிக்கிறார்கள். குழந்தைகளுக்கு அந்தப் பலகை ஒரு பழங்கதை.

டர்பன் இவ்வரலாற்றின் ஒரு முனை. அங்கே குறைகள் உண்டு. நிலையத்துக்கு நிலையம் கதை துண்டுபட்டுக் கிடக்கிறது. வெள்ளையருக்கு ஒரு கட்டடம், கறுப்பருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்று நினைவுகூட இன்னும் பிரிந்தே நிற்கிறது. எனினும் நினைவு இருக்கிறது. மறுமுனையான நம் பக்கத்தில் நிலைமை என்ன? தமிழ் இலக்கியம் பாரதியின் பாட்டால் பிஜியின் கரும்புத் தோட்டத்தையும், புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும் அறியும். நேட்டாலுக்குப் போனவர்களின் துயரம் அந்த அளவுக்கு நம் எழுத்தில் இறங்கவில்லை. இந்த மாவட்டத்தின் எந்த ஊரிலும், இங்கிருந்து இத்தனை பேர் கடல் கடந்தார்கள் என்று சொல்லும் ஒரு பலகையை நாம் பார்த்ததில்லை. போனவர்கள் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள், எளியவர்கள்; கல்வெட்டு வைத்துவிட்டுப் போகும் வசதி அவர்களுக்கு இல்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது. கையில் ஓர் எண்ணும், எழுத்துப் பிழையோடு ஒரு கிராமத்தின் பெயரும் கொண்டு டர்பனிலிருந்து ஒருவர் நாளை வந்தால், வழிகேட்டு வந்து நிற்கப்போவது இந்த ஊரில்தான். அவருக்குப் பதில் சொல்லத் தேவையானவை பெரும் பொருட்செலவை வேண்டுபவை அல்ல. அக்காலத் தாலுகாக்களின்படி கிராமப் பெயர்களைத் தொகுத்து, கப்பல் பட்டியல்களிலுள்ள சிதைந்த வடிவங்களோடு ஒப்பிட்ட ஓர் அட்டவணை. ‘எங்கள் வீட்டில் ஒருவர் கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை’ என்று சொல்லக்கூடிய முதியவர்களின் வாய்மொழிப் பதிவு. கூத்துக் கலைஞர்களுக்கும் நேட்டாலின் தீமிதிக் கோயில்களுக்கும் இடையே ஓர் அறிமுகம். இவற்றை அரசுதான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஊர்தோறும் இருக்கும் இலக்கிய அமைப்புகளும் தமிழாசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிட முடியும். முதல் வேலையாக, திருவண்ணாமலை ஊர்களைத் தென் ஆர்க்காட்டின் கீழ்த் தேடுங்கள் என்ற ஒற்றை வரியையாவது தேடுவோர் கண்ணில் படும்படி எழுதிவைப்போம்.